ஒரு நாற்காலியும் ஒரு கைக்கடிகாரமும்



ஞாயிறு ஆராதனையில் வாசிக்கப்படும் ஜெப விண்ணப்பங்களைக் கவனித்துக் கேட்கிறவர்களுக்கு ஒரு செய்தி பழகிப்போயிருக்கும். நம் சபையைச் சேர்ந்த இன்னார், வயது எழுபத்தெட்டு, குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், ஜெபித்துக்கொள்ளுங்கள் என்பதே அந்தச் செய்தி. நாமும் ஜெபிக்கிறோம். சிலர் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டும் வருகிறோம். திரும்பி வரும் வழியில், "வயசாயிடுச்சு, என்ன செய்யறது" என்று பேசிக்கொள்கிறோம்.

அப்படிப் பேசிக்கொள்வது சரிதானா என்று யோசிப்பதற்காகவே இதை எழுதுகிறோம். வயது மட்டும் ஒருவரைக் கீழே தள்ளிவிடுவதில்லை. விழுவதற்குப் பல மாதங்கள் முன்பிருந்தே சரீரம் அதற்கான அடையாளங்களைக் காட்டிக்கொண்டிருக்கிறது. பார்க்கத் தெரிந்தவர்கள் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். இதற்கு ஸ்கேன் வேண்டாம், ரத்தப் பரிசோதனை வேண்டாம். கையுள்ள ஒரு நாற்காலி, விநாடி முள் உள்ள ஒரு கைக்கடிகாரம், பத்தடி நீளத் தரை, இவ்வளவு போதும். (ஆகவே இது கருவி வாங்க நன்கொடை கேட்டு எழுதும் கட்டுரை அல்ல என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறோம்.)

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இது ஏன் அவசரமான காரியம் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1949-ஆம் ஆண்டு தொடங்கிய டி.ஐ. சைக்கிள், டன்லப் டயர் தொழிற்சாலை, 1965-இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே கொண்டுவந்த ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பட்டறைகள் என்று வேலை தேடி வந்த வாலிபர்களால் வளர்ந்த ஊர்கள் இவை. அந்த வாலிபர்கள் இன்று எழுபதையும் எண்பதையும் கடந்தவர்கள். கடன் வாங்கிக் கட்டிய வீட்டில் கணவனும் மனைவியுமாகத் தனியே இருக்கிறார்கள். பிள்ளைகள் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். வீட்டு வாசலில் மழைநீர் உள்ளே வராதபடி உயர்த்திக் கட்டிய மூன்று படிகள் உண்டு, கைப்பிடி கிடையாது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 28 முதல் 35 பேர் ஒவ்வொரு ஆண்டும் ஒரு முறையாவது விழுகிறார்கள். விழுவதனால் உலகில் ஆண்டுக்கு ஏறக்குறைய 6,84,000 பேர் மரிக்கிறார்கள். எதிர்பாராத காயங்களால் நேரிடும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்தபடியாக நிற்பது இதுதான். சாலை விபத்துக்கு ஹெல்மெட் என்கிறோம், வேகத்தடை என்கிறோம். வீட்டுக்குள் விழுவதை மட்டும் தலையெழுத்து என்று விட்டுவிடுகிறோம்.

இனி அந்த நாற்காலிக்கு வருவோம்.

தொழிற்சாலையில் முப்பத்தைந்து ஆண்டு வேலை செய்து ஓய்வு பெற்ற எழுபத்து நான்கு வயதுப் பெரியவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. காலையில் பால் வாங்கப் போகிறார், சாயங்காலம் பேரப்பிள்ளையோடு தொலைபேசியில் பேசுகிறார், நன்றாகத்தான் இருக்கிறார். அவரைக் கையுள்ள நாற்காலி ஒன்றில், முதுகு சாய்ந்திருக்கும்படி உட்காரவைக்கிறோம். மூன்று மீட்டர் தள்ளித் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு. அவர் வழக்கமாகப் போடும் செருப்பே காலில் இருக்கலாம். கைத்தடி வைத்து நடப்பவரானால் கைத்தடியும் இருக்கலாம். "ஐயா, நான் சொன்னதும் எழுந்து, எப்பவும் நடக்கிற மாதிரி அந்தக் கோடு வரைக்கும் போய், திரும்பி வந்து உட்காருங்க. அவசரம் வேண்டாம்" என்கிறோம். ஒரு முறை பழகிக்கொள்ளட்டும். இரண்டாம் முறை கடிகாரத்தைப் பார்க்கிறோம்.

இந்தப் பரிசோதனைக்கு ஒரு சரித்திரம் உண்டு. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் முதியோர் மருத்துவப் பேராசிரியராயிருந்த பெர்னார்ட் ஐசக்ஸ் என்பவரும், அவரோடு உழைத்த மத்தியாஸ், நாயக் என்ற இருவரும் 1986-ஆம் ஆண்டு இதை வெளியிட்டார்கள். அப்போது கடிகாரம் கிடையாது. பார்ப்பவர் தம் கண்ணால் மதிப்பிட்டு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுவார். ஒரே நோயாளிக்கு ஒருவர் இரண்டு போடுவார், இன்னொருவர் மூன்று போடுவார். 1991-இல் கனடா நாட்டின் மாண்ட்ரியலில் பொட்சியாட்லோ, ரிச்சர்ட்சன் என்ற இருவர் அதில் கடிகாரத்தைச் சேர்த்தார்கள். அது முதல் உலகமெங்கும் பரவிவிட்டது.

எத்தனை விநாடி என்றால் கவலைப்பட வேண்டும்? அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையம் 12 விநாடி அல்லது அதற்குமேல் என்கிறது. பல நாட்டு நிபுணர்கள் கூடி 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் 15 விநாடிக்கு மேல் என்கிறது. எண்ணில் இந்த வித்தியாசம் இருப்பதே ஒரு காரியத்தை உணர்த்துகிறது. 11 விநாடி எடுத்தவர் விழவே மாட்டார் என்றும், 16 எடுத்தவர் விழுந்தே தீருவார் என்றும் யாரும் சொல்லிவிட முடியாது. இந்த ஒரு பரிசோதனையை மட்டும் வைத்து யார் விழுவார் என்று கணித்தால் அநேக முறை தவறாகும் என்பதை ஆராய்ச்சிகளும் காட்டியிருக்கின்றன. எங்கள் எண்ணத்தில், கடிகாரத்தைவிடக் கண் அதிகம் சொல்லும். நம்முடைய பெரியவர் நாற்காலியின் கையை அழுத்தி, ஒரு முறை முயன்று, பின்னும் முயன்று எழுந்தாரா? எழுந்ததும் ஒரு கணம் நின்று நிதானித்தாரா? காலைத் தூக்கி வைத்தாரா, தரையோடு தேய்த்தாரா? கோட்டருகே திரும்பும்போது இரண்டு மூன்று எட்டில் திரும்பினாரா, அல்லது கடிகார முள்போலச் சின்னச் சின்ன எட்டாக வைத்துச் சுற்றினாரா? திரும்பி வந்து, நாற்காலியைத் தொட்டுப் பார்க்காமலே பொத்தென்று விழுந்து உட்கார்ந்தாரா? ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு காரணம் உண்டு. எழ முடியாதது தொடைத் தசையின் பலவீனம். சின்ன எட்டு வைத்துத் திரும்புவது சில வேளை பார்க்கின்சன் நோயின் தொடக்கமாயிருக்கலாம். பொத்தென்று உட்காருவது பார்வைக் குறைவாகவும் இருக்கலாம்.

தொடையின் பலத்தைத் தனியே அறிய வேண்டுமானால், கைகளை மார்பின்மேல் குறுக்காக வைத்துக்கொண்டு 30 விநாடிக்குள் எத்தனை முறை எழுந்து நிற்க முடிகிறது என்று எண்ணிப் பார்ப்பார்கள். 70 முதல் 74 வயது வரையுள்ள ஆண் 12 முறைக்கும், பெண் 10 முறைக்கும் குறைவாக எழுந்தால் அது எச்சரிக்கை.

அடுத்தது நிற்கும் பரிசோதனை. நான்கு நிலைகள். முதலில் இரண்டு பாதங்களையும் ஒட்டிவைத்து நிற்க வேண்டும். பிறகு ஒரு பாதத்தைப் பாதியளவு முன்னே நகர்த்த வேண்டும். மூன்றாவதாக ஒரு குதிகாலை மற்றக் காலின் விரல்களுக்கு நேர் முன்னே வைத்து, கயிற்றின்மேல் நிற்பதுபோல் நிற்க வேண்டும். நான்காவது ஒற்றைக்காலில். ஒவ்வொன்றிலும் 10 விநாடி. மூன்றாம் நிலையில் 10 விநாடி நிற்க இயலாதவர் விழும் ஆபத்தில் இருக்கிறார் என்று கொள்கிறார்கள். ஒற்றைக்காலைப் பற்றி 2022-இல் செய்தித்தாள்களில் நீங்கள் படித்திருக்கலாம். பிரேசில் நாட்டில் 51 முதல் 75 வயது வரையுள்ள 1,702 பேரைச் சோதித்தபோது, ஐந்தில் ஒருவரால் 10 விநாடி நிற்க முடியவில்லை. அவர்களுக்குள் பிற்பாடு மரணமும் அதிகமாயிருந்தது. அதைப் படித்துவிட்டுத் தனியே ஒற்றைக்காலில் நின்று பார்க்க வேண்டாம். பக்கத்தில் ஒருவர், கைக்கு எட்டும் தூரத்தில் சுவர் அல்லது மேசை, இவை இல்லாமல் இந்தப் பரிசோதனை எதையும் செய்யலாகாது.

நாம் விழாமல் நிற்பதற்கு மூன்று இடங்களிலிருந்து மூளைக்குச் செய்தி போகிறது. கண்கள், உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு, பாதங்களிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்ச்சி. ஒன்று கெட்டாலும் மற்ற இரண்டும் சமாளித்துக்கொள்ளும். இரண்டு கெட்டால்தான் தள்ளாட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெர்லினில் இருந்த ரொம்பர்க் என்ற டாக்டர், முதுகுத்தண்டு நரம்பு கெட்ட நோயாளிகள் கண்ணைத் திறந்திருக்கும்வரை நிற்கிறார்கள், மூடினவுடன் ஆடுகிறார்கள் என்று கண்டு எழுதிவைத்தார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. நம்முடைய ஊரில் அதே காரியத்தைச் செய்வது பெரும்பாலும் சர்க்கரை நோய். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு, நாட்டில் வயது வந்தவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் உண்டு என்கிறது. பல ஆண்டு சர்க்கரையால் பாதத்தின் உணர்ச்சி மங்கும்போது, அவர்கள் கண்ணை நம்பியே நிற்கிறார்கள். முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடுகிற அந்த அரை நிமிஷத்தில் தடுமாறுவது இதனால்தான். கரண்ட் போன இரவில் தடுமாறுவதும் இதனால்தான். "பாத்ரூம் தரை வழுக்கல்" என்று நாம் குற்றம் சாட்டுகிற அநேக விழுகைகளில் தரை பாதிக் குற்றவாளி மாத்திரமே.

எட்டிப்பார்க்கும் பரிசோதனையும் ஒன்று உண்டு. சுவரோரமாக நின்று, கையை நேரே நீட்டி, காலை நகர்த்தாமல் எவ்வளவு முன்னே எட்ட முடிகிறது என்று அளப்பது. 1990-இல் அமெரிக்காவில் பமீலா டங்கன் என்பவர் வகுத்தது. 25 சென்டிமீட்டர் எட்டினால் நல்லது, 15-க்குக் குறைந்தால் ஆபத்து. கொடிக்கயிற்றில் துணி உலர்த்தும் அம்மாமாரும், பரண்மேல் இருக்கும் பாத்திரத்தை எடுக்கிறவர்களும் தினமும் செய்வது இதைத்தான்.

இவற்றோடு கட்டாயம் பார்க்க வேண்டியது ரத்த அழுத்தம். உட்கார்ந்திருக்கும்போது ஒரு முறை பார்த்தால் போதாது. ஐந்து நிமிஷம் படுக்கவைத்துப் பார்த்து, எழுந்து நின்றபின் ஒரு நிமிஷத்திலும் மூன்று நிமிஷத்திலும் மறுபடி பார்க்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், எழும்போது மூளைக்கு ரத்தம் போதவில்லை என்று அர்த்தம். இரவு இரண்டு மணிக்குச் சிறுநீர் கழிக்க அவசரமாக எழுகிறவர் விழுவது அநேகமாக இவ்விதமே. இதற்குக் காரணம் பெரும்பாலும் வீட்டிலுள்ள மாத்திரை டப்பாவுக்குள் இருக்கும். ரத்த அழுத்த மாத்திரை, தூக்க மாத்திரை, புரோஸ்டேட் மாத்திரை, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சளி மாத்திரை, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு டாக்டர் கொடுத்திருப்பார். எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஆகவே ஆஸ்பத்திரிக்கு வரும்போது சீட்டை மட்டும் கொண்டுவராமல், டப்பாவையே கொண்டுவரும்படி கேட்டுக்கொள்கிறோம். அதே சமயம், இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொரு பரிசோதனை சொன்னால் சிரிப்பீர்கள். 1997-இல் சுவீடன் நாட்டில், முதியவர்களோடு கூடவே நடந்து பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள். பேசுவதற்காக நடையை நிறுத்தினவர்கள், நடந்துகொண்டே பேசினவர்களைவிட அடுத்த ஆறு மாதத்தில் அதிகமாக விழுந்தார்கள். நடப்பதற்கே முழுக் கவனமும் தேவைப்படுகிறது என்பதன் அடையாளம் அது. ஆலய வாசலில் "ஸ்தோத்திரம்" சொல்லும்போது நின்று சொல்லுகிற பெரியவர்களை எல்லாம் சந்தேகிக்க வேண்டாம், அது மரியாதை. ஆனால் உங்கள் தாயார் வீட்டுக்குள் நடக்கும்போது, நீங்கள் கேட்ட சாதாரணக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒவ்வொரு முறையும் சுவரைப் பிடித்து நிற்கிறார்களா என்று கவனியுங்கள்.

பரிசோதனைகளைவிடக் கடினமானது ஒன்று இருக்கிறது: உண்மையைக் கேட்டு அறிவது. கடந்த ஒரு வருஷத்தில் விழுந்ததுண்டா என்பதே மிகப் பயனுள்ள முதல் கேள்வி. ஒரு முறை விழுந்தவர் மறுபடி விழும் வாய்ப்பு அதிகம். ஆனால், "பாட்டி, விழுந்தீங்களா?" என்றால், "இல்லப்பா, நல்லா இருக்கேன்" என்றுதான் பதில் வரும். முழங்கையில் காய்ப்பு இருக்கும். புடவைத் தலைப்பால் மூடிக்கொள்வார்கள். ஏன் என்று யோசித்தால் புரியும். விழுந்தேன் என்று சொன்னால் மறுநாளிலிருந்து கடைக்குப் போகக் கூடாது, பஸ் ஏறக் கூடாது, ஆலயத்துக்குத் தனியே போகக் கூடாது என்பார்கள். மகன் போனில் சத்தம்போடுவான். ஒரு எலும்பு முறிவைவிட அந்தச் சிறையிருப்புக்கு அவர்கள் அதிகமாகப் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. நடையைக் குறைத்தால் தசை கரைகிறது. தசை கரைந்தால் இன்னும் தள்ளாட்டம். நல்லெண்ணத்தோடு நாம் போடும் தடையே அவர்களை அடுத்த முறை விழத்தள்ளுகிறது. "கால் எங்கேயாவது தடுமாறிச்சா? நடக்கும்போது எதையாவது பிடிச்சுக்கணும்னு தோணுதா? விழுந்துடுவோமோன்னு பயமா இருக்கா?" என்று கேட்டால் பதில் வேறுவிதமாக வரும். பிள்ளைகள் இல்லாத நேரத்தில் கேட்பது இன்னும் நல்லது.

ஆபத்து என்று தெரிந்தபின் செய்வதற்கு அநேகம் உண்டு. எல்லாவற்றிலும் முதலாவது பயிற்சி. நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியான ஒரு மதிப்பீடு, சமநிலைக்கும் தசைக்குமான பயிற்சிகள் விழுகைகளை ஏறத்தாழ கால்வாசி குறைக்கின்றன என்று காட்டியது. நியூசிலாந்தின் ஒட்டாகோவில் எண்பது வயது தாண்டிய பெண்களுக்கே பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்குப் போய்க் கற்றுக்கொடுத்துப் பலன் கண்டார்கள். பயிற்சிகள் எளியவை: மேசையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, குதிகாலும் விரலும் தொட நேர்கோட்டில் நடப்பது. வாரம் மூன்று நாள், மாதக்கணக்கில். விட்டால் பலனும் விட்டுப்போகும்.

கண்புரையும் அப்படியே. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 2005-இல் வெளியான ஆய்வு, முதல் கண்ணின் புரையைத் தாமதமின்றி அகற்றிய பெண்களிடம் விழுகை மூன்றில் ஒரு பங்கு குறைந்ததைக் கண்டது. முற்றட்டும் என்று காத்திருக்கும் பழைய வழக்கத்தைவிட வேண்டும். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடி போடுகிறவர்கள் படியிறங்கும்போது கீழ்க்கண்ணாடி வழியாகப் படி மங்கலாகத் தெரியும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வீட்டைப் பற்றி நீங்களே அறிவீர்கள்: கழிவறையில் கைப்பிடி, படுக்கையருகே இரவு விளக்கு, வார் தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கிப்போடுவது.

விழுந்தபின் எழுவதைக் குறித்து ஒரு வார்த்தை. அதே ஐசக்ஸும் நாயக்கும் வைல்டு என்பவரோடு சேர்ந்து 1981-இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டில் விழுந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையிலேயே கிடந்தவர்களில் பாதிப்பேர் ஆறு மாதத்துக்குள் மரித்திருந்தார்கள். அவர்களில் காயமே இல்லாதவர்களும் இருந்தார்கள். எழ முடியாதிருப்பதே ஆபத்து. நம் முந்தின தலைமுறை பாயில் உட்கார்ந்து, பந்தியில் சாப்பிட்டு, முழங்கால்படியிட்டு, தினமும் பத்து முறை தரையிலிருந்து எழுந்தார்கள். அது ஒரு பயிற்சி என்று அவர்களுக்குத் தெரியாது. சோபாவும் பிளாஸ்டிக் நாற்காலியும் வந்தபின் பலர் வருஷக்கணக்காகத் தரையைத் தொடவில்லை. மூட்டு இடங்கொடுக்கிறவர்கள் அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதிருப்பது நல்லது. இயலாதவர்கள், விழுந்தால் உருண்டு பக்கவாட்டில் திரும்பி, முழங்காலிட்டு, கட்டிலையோ நாற்காலியையோ பிடித்து எழும் முறையைப் பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்ளலாம்.

முதியோர் மருத்துவத்தில் சென்னைக்கு ஒரு முன்னோடி வரலாறே உண்டு. 1978-ஆம் ஆண்டு சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனிப் புறநோயாளி பிரிவைத் தொடங்கினார். 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் இத்துறைக்கு எம்.டி. பட்டப்படிப்பும் வந்தது. 2024 பிப்ரவரியில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. நடந்து வர இயலாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள்.

சபைகளில் முதியோர் ஞாயிறு அன்று இந்த நாற்காலிப் பரிசோதனையை நடத்த விரும்புகிறவர்கள் நர்ஸ் ஒருவரையாவது பிசியோதெரபிஸ்ட் ஒருவரையாவது கூட வைத்துக்கொள்ளுங்கள். சமீபத்தில் அறுவை சிகிச்சையோ எலும்பு முறிவோ உண்டானவர்களையும், அன்று தலைசுற்றல் உள்ளவர்களையும் சேர்க்க வேண்டாம். ஆலயத்தில் அடுக்கிவைத்திருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி உதவாது; கையை ஊன்றி எழும்போது சரியும். பாதிரியார் அறையிலுள்ள கனமான மர நாற்காலியைக் கேட்டு வாங்கி, பின்னால் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். உட்காரும் உயரம் ஒன்றரை அடி. முன்கால்களிலிருந்து மூன்று மீட்டர், அதாவது பத்தடிக்கு இரண்டு அங்குலம் குறைவாக, அளந்து கோடு போடுங்கள். ஒவ்வொருவருடைய விநாடியையும் ஒரு சீட்டில் எழுதி, அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். மேடையில் வாசிக்க வேண்டாம்.